அமிலத்தில் அலுமினியம்: தடுப்பி சரியாக வேலை செய்யாதபோது எங்கே பார்ப்பது?

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் அலுமினியத் துண்டைத் தொங்கவிட வேண்டும். இன்னொரு குடுவையில் அதே அமிலத்துடன் ஒரு கரிமச் சேர்மத்தைச் சேர்த்து, அதிலும் ஒரு துண்டைத் தொங்கவிட வேண்டும். பிறகு இரண்டின் எடையிழப்பையும் ஒப்பிட வேண்டும். அரிப்புத் தடுப்பிச் சோதனை என்பது இவ்வளவுதான். கேட்கச் சுலபம், எண்கள்தான் படுத்தி எடுக்கும். ஒரு நாள் தடுப்புத் திறன் 90 விழுக்காடு வரும், அடுத்த நாள் அதே சேர்மம் 55 காட்டும். சில சமயம் தடுப்பி போட்ட துண்டுதான் அதிகம் கரைந்திருக்கும்.

பின்னணி கொஞ்சம் தெரிந்திருந்தால் பிழையைத் தேடுவது எளிது. அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாக உண்டாகும் ஆக்சைடு படலம். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். பிஎச் ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை இருந்தால் அது தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே போனால் கரையும், உலோகம் வெளிப்பட்டு ஹைட்ரஜனை விட்டபடி கரைசலுக்குள் போகும். குளோரைடு இருந்தால் ஆங்காங்கே குழியும் விழும். நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம், பென்சீன் வளையம் போன்றவை கொண்ட மூலக்கூறுகள் பரப்பில் ஒட்டிக்கொண்டு, அமிலம் தொடும் இடத்தைக் குறைக்கின்றன. தடுப்பியின் வேலை இதுதான்.

தடுப்புத் திறனைக் கணக்கிட, பிளாங்க் துண்டின் இழப்பிலிருந்து தடுப்பி போட்ட துண்டின் இழப்பைக் கழித்து, பிளாங்க் இழப்பால் வகுத்து, நூறால் பெருக்குகிறோம். பிளாங்க் என்பது தடுப்பி சேர்க்காத அமிலத்தில் போட்ட துண்டு. இந்தக் கணக்கில் பிளாங்க் இரண்டு இடத்தில் வருவதைக் கவனியுங்கள். அது ஒன்று தப்பினால் அதனுடன் ஒப்பிட்ட எல்லா எண்களும் தப்பும். ஆனால் எண் வினோதமாக வந்தால் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது மூலக்கூறைத்தான். என் வரிசை வேறு: முதலில் பிளாங்க், அடுத்து அமிலம், அப்புறம் துண்டு. மூலக்கூறு கடைசி.

தொடங்குமுன் பாதுகாப்பு பற்றி ஒன்று. ஒரு கிராம் அலுமினியம் முழுதும் கரைந்தால், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1.36 லிட்டர் ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் இருந்தால் தீப்பற்றும். குடுவையை இறுக்கி மூடவே கூடாது. புகைபோக்கிப் பெட்டிக்குள், அருகில் தீயோ சூட்டுக்கம்பியோ இல்லாமல் செய்யுங்கள்.

அறிகுறி: தடுப்பி போட்டும் இழப்பு குறையவில்லை, அல்லது கூடிவிட்டது

குடுவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கலங்கலாக இருந்தாலோ, மேலே எண்ணெய்த் திட்டு மிதந்தாலோ, அடியில் தூள் கிடந்தாலோ, நீங்கள் எடைபோட்ட செறிவு கரைசலில் இல்லை. சேர்மத்தை முதலில் கொஞ்சம் எத்தனாலில் கரைத்து, பிறகு அமிலத்தில் சேர்க்கலாம். அப்படிச் செய்தால் அதே அளவு எத்தனால் பிளாங்க்கிலும் இருக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கரைசல் தெளிவாக இருந்தால் அமிலத்தைப் பாருங்கள். தொழிற்சாலைத் தரத்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் மஞ்சளாக இருப்பதற்குப் பெரும்பாலும் இரும்பு அயனிதான் காரணம். இரும்பும் செம்பும் அலுமினியத்தின் மேல் உலோகமாகப் படியக்கூடியவை. படிந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு மின்கலத்தின் எதிர்முனை ஆகி, சுற்றியுள்ள அலுமினியத்தைத் தின்ன வைக்கும். பரப்பில் ஒட்டும் தடுப்பிக்கு இதைச் சமாளிப்பது கடினம். ஆய்வகத் தரத்து அமிலத்தில் ஒரு பிளாங்க் போட்டு ஒப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

துண்டை எதில் தொங்கவிட்டிருக்கிறீர்கள்? செம்புக் கம்பியோ இரும்புக் கொக்கியோ என்றால் பிழை அங்கேயே இருக்கிறது. நைலான் நூல் அல்லது கண்ணாடிக் கொக்கிக்கு மாறுங்கள்.

உலோகக் கலவையும் காரணமாகலாம். 2024 என்ற எண் கொண்டது போன்ற, செம்பு கலந்த கலவைகளில் அலுமினியம் கரையக் கரையச் செம்பு பின்தங்கி, கறுப்புப் பொடியாக மேலே சேரும். தூய அலுமினியத்தில் நன்றாக வேலை செய்த சேர்மம் இங்கே தோற்றால் வியப்பில்லை.

இவை எல்லாம் சரி என்றால்தான் மூலக்கூறின் முறை. ஆக்சாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம் போல அலுமினிய அயனியைக் கவ்விப் பிடிக்கும் சேர்மங்கள், கரையும் அணைவுச் சேர்மத்தை உண்டாக்கி உலோகத்தை இழுத்து வெளியே கொண்டுவரும். 8-ஹைட்ராக்ஸிகுயினோலின் வேறு வகை. நடுநிலைக்கு அருகில் அது அலுமினியத்துடன் கரையாத படலம் தரும். கடும் அமிலத்தில் அது புரோட்டான் ஏற்று, அந்தப் படலமும் நிலைக்காது. நடுநிலை உப்புக் கரைசலில் கிடைத்த புகழை அமிலத்துக்கும் நீட்டிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

அறிகுறி: முதல் சில நிமிடம் அமைதி, பிறகு பொங்குகிறது

இது பிழையே இல்லை. ஆக்சைடு படலம் கரைந்து முடியும் வரை உலோகம் அமிலத்தைத் தொடுவதில்லை, அதனால் ஆரம்பத்தில் குமிழி வராது. படலம் போனதும் வினை வேகமெடுக்கும். வினை வெப்பத்தை உமிழ்வதால் கரைசல் சூடேறும், சூடேறினால் வினை இன்னும் விரையும். இந்த வெப்ப உயர்வையே அளந்து அரிப்பை மதிப்பிடும் முறைக்கு மைலியஸ் முறை என்று பெயர்.

இதிலிருந்து இரண்டு சிக்கல்கள் வருகின்றன. சோதனை நேரம் மிகக் குறைவாக இருந்தால், நீங்கள் அளப்பது ஆக்சைடு கரைய எடுத்த நேரத்தைத்தான். அடுத்தது, தேய்ப்புத் தாளால் தேய்த்த உடனே அமிலத்தில் மூழ்கவிட்ட துண்டுக்கும் தேய்த்து ஒரு இரவு கிடந்த துண்டுக்கும் படலம் ஒரே மாதிரி இருக்காது. தேய்ப்பதற்கும் முக்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளியை எல்லாத் துண்டுகளுக்கும் ஒன்றாக வையுங்கள்.

வெப்பம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். பிளாங்க் குடுவை தானே சூடாகி இன்னும் வேகமாக அரிக்கும். தடுப்பி உள்ள குடுவை குளிர்ச்சியாகவே இருக்கும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் நடந்ததாக எழுதினால், தடுப்புத் திறன் உள்ளதைவிட உயர்வாகத் தெரியும். நீர்த்தொட்டியில் வைத்தால் மட்டும் போதாது, குடுவைக்குள்ளேயே ஒரு வெப்பமானி இருக்க வேண்டும்.

அறிகுறி: இரண்டு மணி நேரத்தில் நல்ல திறன், 24 மணி நேரத்தில் சரிவு

இதற்கு இரண்டு முற்றிலும் வேறான காரணங்கள் உண்டு. ஒன்றில் தடுப்பி உண்மையிலேயே செத்திருக்கும். மற்றதில் தடுப்பி நன்றாகவே இருக்கும், பிளாங்க்தான் ஓய்ந்திருக்கும்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதைக் காகிதத்திலேயே சோதிக்கலாம். 0.5 மோலார் அமிலம் 50 மி.லி. எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் இருப்பது 25 மில்லிமோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஓர் அலுமினிய அணுவுக்கு மூன்று மூலக்கூறு அமிலம் வேண்டும். ஆக, மொத்த அமிலமும் தீர்ந்தால் கரையக்கூடிய அலுமினியம் சுமார் 225 மி.கி. அவ்வளவே. பிளாங்க் 200 மி.கி. இழந்திருந்தால் அமிலத்தில் பெரும்பகுதி போய்விட்டது, கடைசி மணி நேரங்களில் அது வெறும் சோம்பல் கரைசல். வலு குறையாத அமிலமாக இருந்திருந்தால் அது 300 மி.கி. இழந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். தடுப்பித் துண்டின் இழப்பு 60 மி.கி. என்றால் உண்மைத் திறன் 80 விழுக்காடு. உங்கள் குறிப்பேட்டில் பதிவாவது 70.

மருந்து என்ன? அமிலத்தின் அளவைக் கூட்டுவதுதான். ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்புக்கும் குறைந்தது 20 மி.லி. கரைசல் என்று மூழ்கல் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் (சோதனைத் தரங்களை வகுக்கும் அமைப்பு) ஜி31 வழிகாட்டி சொல்கிறது. 2 செ.மீ. பக்கமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள சதுரத் துண்டின் பரப்பு, விளிம்புகளையும் சேர்த்து 8.8 சதுர செ.மீ. அதற்கு 176 மி.லி. வேண்டும், 50 மி.லி. எந்த மூலைக்கும் காணாது. வேகமாகக் கரையும் பிளாங்க்குக்கு இதுவும் போதாமல் போகலாம். அப்போது நேரத்தைக் குறையுங்கள்.

கணக்குப் பார்த்தும் அமிலம் போதுமானது என்று தெரிந்தால், தடுப்பி உடைகிறதா என்று பாருங்கள். ஷிஃப் காரங்கள் இதில் பேர்போனவை. ஆல்டிஹைடையும் அமீனையும் இணைத்து உண்டாக்கிய அந்த இரட்டைப் பிணைப்பை அமில நீர் மெல்ல வெட்டி, பழையபடி ஆல்டிஹைடாகவும் அமீனாகவும் பிரித்துவிடும். தாளில் ஷிஃப் காரத்தின் படம் இருக்கும், குடுவையில் வேலை செய்வது பாதி அமீனாக இருக்கும். புற ஊதா-கட்புல நிறமாலையைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்துப் பாருங்கள், பட்டை நகர்ந்திருந்தால் விடை அதுதான். ஹெக்சமின்கூட அமிலத்தில் ஃபார்மால்டிஹைடும் அம்மோனியமுமாகப் பிரியும். அசோ சாயங்களையும் நைட்ரோ சேர்மங்களையும் கரையும் அலுமினியமே ஒடுக்கிவிடலாம், நிறம் வெளுப்பதே அடையாளம்.

தடுப்பியாகப் போட்டது தாவரச் சாறு என்றால், எப்போது எடுத்தது என்று பாருங்கள். வாரக்கணக்கில் கிடந்த சாறு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும், பூஞ்சையும் பிடித்திருக்கலாம். உலர்த்திய தூளாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது கரைப்பது நல்லது.

அறிகுறி: ஒரே செறிவில் போட்ட துண்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை

பரப்பை ஒரே மாதிரி தேயுங்கள். 400-இல் தொடங்கி 1200 எண் வரை சிலிக்கன் கார்பைடு தாள் போதும். நீரில் கழுவி, அசிட்டோனில் எண்ணெய்ப் பசை நீக்கி, உலர்த்தி, 0.1 மி.கி. வரை காட்டும் தராசில் எடை பாருங்கள். அதன் பிறகு கையால் தொடக் கூடாது, இடுக்கிதான். விளிம்புகளையும் தேய்க்க வேண்டும். வெட்டிய விளிம்பில் உலோகம் நசுங்கியிருப்பதால் அரிப்பு அங்கேதான் முதலில் தொடங்கும்.

பெரும்பாலான சிதறல் வருவது கடைசிக் கழுவலில். வெளியே எடுத்த துண்டின் மேல் அரிப்பின் எச்சமும், கறுப்புப் பொடியும், ஒட்டிய தடுப்பியும் இருக்கும். தூரிகையால் ஒருவர் மெல்லத் தடவுவார், இன்னொருவர் அழுத்தித் தேய்ப்பார். எடை வேறுபடாமல் என்ன செய்யும்? அடர் நைட்ரிக் அமிலத்தில் அறை வெப்பநிலையில் 1 முதல் 5 நிமிடம் முக்கி எடுக்கும் முறை ஏஎஸ்டிஎம் ஜி1-இல் இருக்கிறது. அடர் நைட்ரிக் அமிலத்தில் அலுமினியம் செயலற்ற நிலைக்குப் போய்விடுவதால் உலோகம் பெரிதாகக் கரையாது, படிந்த செம்பும் கரைந்துவிடும். அமிலம் என்றாலே அலுமினியத்துக்கு ஆகாது என்று நினைப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் அப்படித்தான். பாஸ்பாரிக்-குரோமிக் அமிலக் கலவையும் அதே பட்டியலில் உண்டு. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், நைட்ரிக் அமிலம் போதும் என்றால் அதைத் தொடாதீர்கள்.

அரிக்காத ஒரு புதுத் துண்டையும் இதே கழுவலில் போட்டு எடை பாருங்கள். அது இழந்ததை எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிட வேண்டும். தடுப்பித் துண்டின் இழப்பே 2 மி.கி.தான் என்றால், கழுவலில் போகும் அரை மி.கி. பெரிய விஷயம்.

அறிகுறி: எடை கூடியிருக்கிறது, திறன் நூறைத் தாண்டுகிறது

மேலே சொன்ன கழுவல் நடக்கவில்லை, அல்லது துண்டு ஈரமாக இருக்கிறது. வேறு விளக்கம் தேட வேண்டாம்.

அறிகுறி: செறிவைக் கூட்டினால் திறன் ஏறவில்லை, அல்லது இறங்குகிறது

ஏறாமல் நிற்பது இயல்புதான், பரப்பு நிரம்பிவிட்டது. சோப்பு போன்ற பரப்புசெயலிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சீட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு தூய நீரில் சுமார் 0.9 மில்லிமோலாரில் மிசெல் (மூலக்கூறுகள் ஒன்றுகூடிய சிறு திரள்) கட்டத் தொடங்கும். அமிலத்தில் அயனிகள் நிறைய இருப்பதால் அதற்கும் முன்பே கட்டும். அதற்கு மேல் போடுவதெல்லாம் மிசெலுக்குள் போகிறதே தவிர உலோகத்துக்குப் போவதில்லை. நுரை மட்டும் மிச்சம். அந்த நுரைக்குள் ஹைட்ரஜன் தங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இறங்குகிறது என்றால் மூன்றைப் பாருங்கள்: சேர்மம் வீழ்படிவாகிறதா, மூலக்கூறில் அலுமினியத்தைக் கவ்வும் தொகுதி இருக்கிறதா, மூலக்கூறு சிதைந்து கேடு விளைவிக்கும் எதையாவது தருகிறதா. தயோயூரியா வகைகளில் மூன்றாவது நடக்கலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் சோதனையை நிறுத்துங்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு வாயு.

அறிகுறி: 30 டிகிரியில் அருமை, 60 டிகிரியில் ஒன்றுமில்லை

மின்னூட்ட ஈர்ப்பால் மட்டும் ஒட்டியிருந்த மூலக்கூறு சூட்டில் கழன்றுவிட்டது. பரப்புக் கவர்ச்சியில் இயற்பியல் வகை என்று பாடநூலில் படிப்பது இதைத்தான்.

ஒட்டுவது எப்படி என்று பார்த்தால் தீர்வும் புரியும். அமிலத்தில் அலுமினியத்தின் பரப்பு நேர்மின் சுமையோடு இருக்கும். அமீன் வகைத் தடுப்பியும் புரோட்டான் ஏற்று நேர் அயனியாக இருக்கும். இரண்டும் நேர், எப்படி ஒட்டும்? நடுவில் குளோரைடு அயனி வந்து பரப்பில் உட்கார்ந்து பாலமாகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஜொலித்த தடுப்பி கந்தக அமிலத்தில் மங்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பாலத்தை வலுவாக்கக் கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடு சேர்க்கலாம். அயோடைடு குளோரைடைவிட இறுக்கமாக ஒட்டுவதால், பல அமீன்களும் நான்கிணைய அம்மோனியம் உப்புகளும் அதனோடு சேர்ந்து தனித்தனியாகச் செய்வதைவிட அதிகம் செய்யும். ஆனால் அயோடைடு மட்டும் போட்ட ஒரு துண்டும் வேண்டும், இல்லையேல் யார் செய்த வேலை என்று தெரியாது. அமிலத்தில் அயோடைடு காற்றுபட்டு அயோடினாகி மஞ்சள் தட்டும், அன்றன்று கரைத்துப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: எடையிழப்பு குறைவு, ஆனால் துண்டில் ஓட்டைகள்

எடையிழப்பு என்பது சராசரி. பரப்பு முழுதும் தேய்ந்ததா, ஒரே இடத்தில் துளைத்ததா என்று தராசு சொல்லாது. தடுப்பி போதாத அளவில் இருந்தால் பரப்பின் பெரும்பகுதி மூடியிருக்கும், மூடாத சில புள்ளிகளில் தாக்குதல் குவியும். பயன்பாட்டில் பார்த்தால் இது பிளாங்க்கைவிட மோசம், குழாய் ஒழுக ஒரே ஓட்டை போதும். ஒவ்வொரு துண்டையும் உருப்பெருக்கியில் பாருங்கள். குழி இருந்தால் திறன் 90 என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடாதீர்கள்.

அறிகுறி: லாங்மியூர் கோடு நம்பமுடியாத அளவுக்கு நேராக வருகிறது

நம்பாதீர்கள். லாங்மியூர் என்பது, தடுப்பி பரப்பில் ஒற்றை அடுக்காக ஒட்டுகிறது என்று கொண்டு செறிவையும் மூடலையும் இணைக்கும் சமன்பாடு. செறிவைப் பரப்பு மூடல் விகிதத்தால் (தடுப்புத் திறனை நூறால் வகுத்தது) வகுத்து, அதைச் செறிவுக்கு எதிராக வரைகிறோம். இரண்டு அச்சிலும் செறிவு இருக்கிறது, கோடு நேராக வராமல் என்ன செய்யும்?

சோதித்துப் பார்க்கலாம். 1, 2, 3, 4, 5 மில்லிமோலார் செறிவுகளுக்கு மூடல் விகிதம் 0.72, 0.69, 0.74, 0.70, 0.73 என்று வைப்போம். இதில் எந்தப் போக்கும் இல்லை, வெறும் சிதறல். ஆனாலும் வரைந்தால், கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.997 வருகிறது (1 என்றால் முழுப் பொருத்தம்). வெட்டுத்துண்டிலிருந்து சமநிலை மாறிலியை எடுத்து, நீரின் 55.5 மோலாரையும் போட்டு 25 டிகிரியில் ஒட்டுதலின் கட்டிலா ஆற்றல் (கிப்ஸ் ஆற்றல்) கணக்கிட்டால், மோலுக்கு சுமார் மைனஸ் 34 கிலோஜூல். மைனஸ் 20-ஐ ஒட்டினால் இயற்பியல் வகை, மைனஸ் 40-ஐ ஒட்டினால் வேதியியல் வகை (வேதிப் பிணைப்பால் ஒட்டுவது) என்ற வழக்கப்படி, இதற்குக் கலப்பு வகை என்று ஒரு பத்தி எழுதிவிடலாம். சிதறலுக்குக் கிடைத்த விளக்கம்!

சாய்வைப் பாருங்கள். லாங்மியூர் உண்மையானால் அது 1-க்கு அருகில் இருக்க வேண்டும். மேலே உள்ளதில் 1.37. அத்துடன், மூடல் விகிதத்தையே செறிவுக்கு எதிராக வரைந்து, அது உண்மையில் ஏறி வளைகிறதா என்று பார்த்துவிடுங்கள். தாவரச் சாறுக்கு மோலார் நிறையே கிடையாது, அதற்குக் கட்டிலா ஆற்றல் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

அறிகுறி: மின்வேதியியல் அளவீடு ஒன்று சொல்கிறது, எடையிழப்பு வேறு சொல்கிறது

மின்வாய் நிலைப்படும் முன் அளந்தீர்களா? திறந்த சுற்று மின்னழுத்தம் நகர்ந்துகொண்டிருக்கும்போது எடுத்த மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குப் பரப்பு காட்டும் எதிர்ப்பு) வரைபடத்துக்குப் பொருள் இல்லை. அரை மணி நேரமாவது விட்டு, கோடு படுத்த பிறகு தொடங்குங்கள். அலுமினியத்தில் குறைந்த அதிர்வெண்ணில் ஒரு தூண்டல் வளையம் வருவது வழக்கம், அதை வெட்டி எறிந்துவிட்டு ஒற்றை அரைவட்டமாகப் பொருத்தினால் மின்தடை தவறாக வரும். மின்னழுத்தத்துக்கு எதிராக மின்னோட்டத்தின் மடக்கையை வரையும் டாஃபெல் வரைபடத்தில் நேர்முனைக் கிளை குழி அரிப்பால் நேர்கோடாக இருக்காது. எதிர்முனைக் கிளையை மட்டும் நீட்டி, அரிப்பு மின்னழுத்தத்தில் மின்னோட்டத்தைப் படியுங்கள். குமிழிகள் பரப்பில் தேங்கினால் அளவீடு துள்ளும், மின்வாயைச் செங்குத்தாக வைத்தால் அவை எழும்பிப் போகும். மின்வாயைப் பதித்திருக்கும் பிசினுக்கும் உலோகத்துக்கும் நடுவே இடுக்கு இருந்தால் அமிலம் அங்கே புகுந்து பரப்பைக் கூட்டிவிடும்.

இவை சரியாக இருந்தும் ஒத்துப்போகவில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். மின்மறுப்பு சொல்வது ஒரு கணத்தின் வேகம், எடையிழப்பு சொல்வது முழு நாளின் சராசரி. மின்மறுப்பை 1, 4, 8, 24 மணி நேரத்தில் திரும்பத் திரும்ப எடுத்து, அந்த வேகங்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் நெருங்கி வர வேண்டும். வராவிட்டால் திரும்பவும் பிளாங்க்கிலிருந்து தொடங்குங்கள்.